இரவில் யார் எழுவது? பச்சிளம் குழந்தை உள்ள வீட்டுக்கான ஏற்பாடுகளும் அவற்றின் கணக்கும்

"ராத்திரி ஒரு வேளைப் பாலை நான் பாட்டிலில் கொடுத்துவிடுகிறேன், நீ தூங்கு." பெரும்பாலான வீடுகளில் குழந்தையின் அப்பா முதலில் சொல்லும் உதவி இதுதான். நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாட்டிலுக்குள் போகும் பாலை யாராவது எடுத்தாக வேண்டும், எடுப்பவர் அம்மாதான். பம்போடு 15 முதல் 20 நிமிடம், பாகங்களைக் கழற்றிக் கழுவிக் காயவைக்க இன்னொரு 10 நிமிடம். நேரே மார்பில் போட்டுப் பால் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் நேரமும் ஏறக்குறைய அதே.

அதனால் எந்த இரவு ஏற்பாட்டையும் ஒரே ஒரு கேள்வியால் அளக்கலாம்: அம்மாவுக்கு இடையில் முறியாமல் எத்தனை மணி நேரத் தூக்கம் கிடைக்கிறது? மொத்தம் ஏழு மணி நேரம் படுக்கையில் இருந்தும், அது முக்கால் மணி நேரத் துண்டுகளாக வந்தால் தூங்கியதாகவே உடம்பு எடுத்துக்கொள்ளாது. நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து கிடைத்த தூக்கம் மனநிலையை வேறு மாதிரி பிடித்து நிறுத்தும். கீழே ஒப்பிடும் ஏற்பாடுகள் மூன்று: அம்மா பால் மட்டும் கொடுக்க மற்றதெல்லாம் அடுத்தவர் செய்வது; எடுத்து வைத்த தாய்ப்பாலோடு இரவை இரண்டு ஷிஃப்டாகப் பிரிப்பது; ஒரு வேளைக்குப் பால்பவுடர் (கைக்குழந்தைக்கென்றே தயாரித்த ஃபார்முலா) கொடுப்பது. வெளியிலிருந்து உதவிக்கு ஆள் வைப்பது இந்த மூன்றில் எதோடும் சேரும், அதைக் கடைசியில் பார்க்கலாம்.

அம்மா பால் மட்டும், மற்றதெல்லாம் அடுத்தவர்

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். இரவில் ஒரு தடவை விழித்தால் ஆகும் நேரத்தைப் பிரித்துப் பாருங்கள்: டயபர் மாற்ற 5 நிமிடம், பால் கொடுக்க 25 முதல் 30, ஏப்பம் விட வைக்க 10, திரும்பத் தூங்க வைக்க 15 முதல் 20. ஆக ஒரு மணி நேரம். இதில் அம்மாவால் மட்டுமே முடிகிற வேலை பாதிதான். மூன்று தடவை விழித்தால், மற்ற பாதியை வேறொருவர் எடுத்துக்கொள்வதால் ஓர் இரவில் ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

நன்றாக நடந்தால் இது இப்படி இருக்கும். குழந்தை தலையைத் திருப்பி வாயைத் திறக்கிறது, கையை வாய்க்குக் கொண்டுபோகிறது. அழுகை பசியின் கடைசி அடையாளம், அதுவரை காத்திருந்தால் வாய் சரியாகப் பற்றாது. அப்பா எழுந்து மங்கலான விளக்கில் டயபரை மாற்றி, குழந்தையை அம்மாவிடம் கொண்டுவருகிறார். முதுகுக்கு ஒரு தலையணை, கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர். ஒரு பக்கம் குடித்துவிட்டுக் கண் அயர்ந்தால் ஏப்பம் விட வைத்து, அடுத்த பக்கத்துக்கு மாற்றித் தருகிறார். குடித்து முடித்ததும் குழந்தை அவர் தோளுக்குப் போகிறது. அம்மா அப்படியே படுத்துவிடலாம். சிசேரியன் ஆன உடம்புக்கு இந்த ஏற்பாடு வசதி மட்டுமல்ல, தேவையும்கூட. முதல் வாரங்களில் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. படுக்கையிலிருந்து எழுந்து குனிந்து குழந்தையைத் தூக்குவதே தையலை இழுக்கும்.

இதன் குறை: தூக்கத்தின் கூட்டுத்தொகை கூடும், ஆனால் துண்டுகள் நீளாது. இரண்டரை மணிக்கு ஒரு தடவை பால் என்றால், அதிகம் போனால் இரண்டு மணி நேரத் தூக்கம். நான்கு மணி நேரத் தூக்கம் இதில் வராது.

ஆபத்து வேறொரு இடத்தில் இருக்கிறது. "படுக்கையில் கொடுத்தால் தூங்கிவிடுவேன்" என்று பயந்து சோஃபாவுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். குழந்தையோடு கண் அயர மிக மோசமான இடம் சோஃபாவும் சாய்வு நாற்காலியும்தான். மெத்தைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் முகம் புதைந்துவிடும். தூக்கம் வரும் என்று தோன்றினால் தலையணை, போர்வை எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டுப் படுக்கையிலேயே கொடுப்பது அதைவிட மேல். விழித்த உடனே குழந்தையைத் தன் இடத்தில், மல்லாக்க, அழுத்தமான சமதளப் படுக்கையில் விட வேண்டும். பெற்றோர் இருக்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கை.

இரவை இரண்டாகப் பிரிப்பது

அம்மா 8.30-க்குப் பால் கொடுத்துவிட்டு 9 மணிக்குப் படுத்துவிடுகிறார். 11.30 வாக்கில் விழிக்கும் குழந்தைக்கு அப்பா பாட்டில் கொடுக்கிறார். 2 மணிக்கு அம்மா எழுகிறார். அதன் பிறகு காலைவரை அப்பாவின் தூக்கம். இருவருக்கும் தலா ஐந்து மணி நேரம், முறியாமல். முன்னிரவில் அம்மா வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். குழந்தை முனகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பதானால் இந்த ஏற்பாட்டுக்கே பொருளில்லை.

ஐந்து மணி நேரம் கிடைப்பது இந்த வழியில்தான். அதற்குப் பகலில் கொஞ்சம் உழைக்க வேண்டும், பம்பும் சரியாக அமைய வேண்டும்.

எவ்வளவு பால் வேண்டும்? ஒரு மாதம் தாண்டிய குழந்தை ஒரு நாளில் சராசரியாக 750 மி.லி. தாய்ப்பால் குடிக்கிறது. எட்டு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 90 சொச்சம். 60 மி.லி. ஒரு பாட்டிலிலும் 30 மி.லி. தனியாகவும் வைத்துக்கொண்டால், குடிக்காமல் விட்டதைக் கொட்டும் கஷ்டம் குறையும். குழந்தை வாய் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

எப்போது எடுப்பது? காலை முதல் பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் அதிகம் வரும். அப்படி எடுக்கும்போது இரண்டு பக்கமும் சேர்த்து 15 முதல் 60 மி.லி. வந்தால் அதுவே இயல்பு. குழந்தை குடித்து முடித்த பிறகு மிச்சத்தைத்தானே எடுக்கிறோம். பாட்டிலில் தெரியும் அளவைப் பார்த்து "எனக்குப் பால் போதவில்லை" என்று முடிவுகட்டுவதுதான் இந்த வழியில் அடிக்கடி நடக்கும் தப்பு. பால் போதுமா என்பதைக் குழந்தையின் எடையும் டயபரும் சொல்லட்டும், பம்ப் அதைச் சொல்லாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை எடுத்தால் ஓர் இரவு பாட்டில் தேறிவிடும்.

பம்பில் முதலில் பார்க்க வேண்டியது மார்பில் பொருத்தும் புனலின் அளவு. மார்புக் காம்பின் அடிப்பகுதி விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதைவிடச் சில மில்லிமீட்டர் பெரிய புனலை எடுங்கள். காம்பு புனலின் சுவரில் உரசி வெளுத்துப்போனால் புனல் சிறியது. காம்பைச் சுற்றிய கருவட்டம் நிறைய உள்ளே இழுபட்டால் பெரியது. பெட்டியோடு வருகிற புனல் எல்லோருக்கும் பொருந்தாது, பல பேருக்குப் பெரிதாகவே இருக்கும். இழுவிசையை உச்சத்தில் வைத்தால் அதிகப் பால் வரும் என்பது தவறான கணக்கு. வலித்தால் பால் இறங்குவது தடைப்படும். வேகமான, மெல்லிய இழுப்பில் தொடங்கி, பால் சொட்ட ஆரம்பித்ததும் மெதுவான, ஆழமான இழுப்புக்கு மாறி, வலி தெரியாத அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேற்றுவரை வந்த பால் இன்றைக்குத் திடீரென்று பாதியாகிவிட்டால் உடம்பைச் சந்தேகிக்கும் முன் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாத்து அலகு போல இருக்கும் அந்தச் சிலிக்கான் துண்டின் நுனிப் பிளவு சும்மா இருக்கும்போது இறுக மூடியிருக்க வேண்டும். லேசாக வாய் பிளந்திருந்தாலோ ஓரம் கிழிந்திருந்தாலோ காற்று கசியும், மோட்டார் எவ்வளவு ஓடினாலும் இழுவிசை வராது. கழுவும்போது விரலையோ பிரஷையோ அந்தப் பிளவுக்குள் விடுவதுதான் பெரும்பாலும் காரணம். இது தேய்ந்துபோகும் பாகம். இரண்டு உதிரி வால்வு வாங்கி வைத்திருப்பது நல்லது. குழாயில் ஈரம் கோத்திருந்தால் பாட்டிலை இணைக்காமல் பம்பைச் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் காய்ந்துவிடும்.

ஒவ்வொரு தடவையும் பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி, இதற்கென்றே வைத்த ஒரு பாத்திரத்தில் சோப்பும் சூடான தண்ணீரும் ஊற்றிக் கழுவ வேண்டும். பாத்திரம் துலக்கும் தொட்டியில் நேரே போட வேண்டாம், கிருமி அங்கேதான் அதிகம். துணியால் துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகும்வரை, குறைமாதக் குழந்தையானால் அதற்குப் பிறகும், தினம் ஒரு தடவை கொதிநீரிலோ நீராவியிலோ போட்டு எடுக்க வேண்டும்.

எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் நான்கு மணி நேரமும், ஃப்ரிட்ஜில் நான்கு நாளும், ஃப்ரீசரில் ஆறு மாதமும் நன்றாக இருக்கும். அறை அதைவிட வெப்பமாக இருந்தால் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வைக்க வேண்டும். உறைந்த பாலை ஃப்ரிட்ஜிலேயே இளகவிட்டால், முழுதும் இளகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. புதிதாக எடுத்த வெதுவெதுப்பான பாலை ஏற்கெனவே குளிர்ந்ததோடு சேர்ப்பதானால் அதையும் குளிரவைத்துவிட்டுச் சேருங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. அங்கங்கே கொதிக்கும் சூடு தங்கிக் குழந்தையின் வாய் வெந்துவிடும். வெந்நீர் வைத்த கிண்ணத்தில் பாட்டிலைச் சில நிமிடம் நிற்க வைத்தால் போதும். மேலே ஏடு பிரிந்து நிற்பதைக் கண்டு கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

பாட்டில் கொடுப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. குழந்தையைக் கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில் பிடித்து, பாட்டிலைப் படுக்கைவாட்டில் வைத்து, மெதுவாகச் சொட்டும் நிப்பிளில், 20 அல்லது 30 மி.லி.க்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி, கால் மணி நேரம் எடுத்துக் கொடுக்க வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்தால் ஐந்தே நிமிடத்தில் காலியாகிவிடும். அந்த வேகம் பழகிய குழந்தை மார்பில் பால் இறங்கும்வரை பொறுக்காமல் முரண்டு பிடிக்கும்.

ஐந்து மணி நேரம் முடியும் முன்பே மார்பு கல்லாகிப் பால் கட்டிக்கொள்வது ஆரம்பத்தில் நடக்கும். இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் கையால் பீச்சிவிட்டுப் படுத்துவிட வேண்டும். முழுதும் காலி செய்தால் உடம்பு அதை "இன்னும் தேவை" என்று எடுத்துக்கொண்டு மறுநாள் கூடுதலாகச் சுரக்கும். ஓரிடம் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. கட்டியை அழுத்திப் பிசைவது முன்பு சொல்லப்பட்ட வைத்தியம். தாய்ப்பாலூட்டலுக்கான மருத்துவர்கள் அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைக் கைவிடச் சொல்கிறது. குளிர் ஒத்தடம், வீக்கம் குறைக்கும் மாத்திரை, வழக்கம் போலப் பாலூட்டல், ஒரு நாளில் தணியாவிட்டால் மருத்துவர்.

ஒரு வேளைக்குப் பால்பவுடர்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைத் தெரிந்துகொண்டே, அம்மாவின் உடல்நிலைக்காகவோ மனநிலைக்காகவோ ஒரு வேளைப் பால்பவுடரைத் தேர்ந்தெடுப்பது நியாயமான முடிவுதான். குற்ற உணர்ச்சியோடு செய்ய வேண்டிய காரியமில்லை. பம்ப் எடுக்கும் நேரமும் மிச்சமாவதால், கணக்குப்படி அம்மாவுக்கு அதிக ஓய்வு தருவது இதுதான். குழந்தையின் பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்து மருத்துவரே கொடுக்கச் சொன்னால் அது சிகிச்சை, அங்கே தேர்வுக்கு இடமில்லை.

சரியாகக் கலக்கத் தெரிய வேண்டும். பவுடர் கிருமி நீக்கியது அல்ல, டப்பாவுக்குள்ளேயே கிருமி இருக்கலாம். அதனால் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலேயே கலக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்தால் கிருமி சாகாது. முதலில் தண்ணீர், பிறகு பவுடர்; அதே டப்பாவில் வந்த கரண்டி, தலைதட்டி. பிறகு பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலந்து இரண்டு மணி நேரமானால் கொட்டிவிட வேண்டும்.

தூக்கக் கலக்கத்தில் கரண்டி எண்ணிக்கை தவறுவது சாதாரணம். தண்ணீர் கூடிப்போனால் இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போகலாம். பவுடர் கூடினால் நீர்ச்சத்து குறையும். மாலையிலேயே ஒரு வேளைக்கான பவுடரை அளந்து, சுத்தமான, காய்ந்த மூடி போட்ட டப்பாவில் வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. குறைமாதக் குழந்தைக்கும் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும், கிடைக்குமானால், கிருமி நீக்கித் திரவமாகவே வரும் பால் பவுடரைவிடப் பாதுகாப்பானது.

அதிகம் கவனிக்க வேண்டிய பள்ளம் ஒன்று உண்டு. மார்பில் தங்கும் பால் சுரப்பைக் குறைக்கச் சொல்லும் சைகை. தினம் ஒரே வேளை விடுபட்டால் சில நாளில் உடம்பு அந்த வேளைக்குச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். அதோடு நின்றால் பரவாயில்லை. பாட்டில் குடித்த குழந்தை அடுத்த வேளை குறைவாகச் சப்பும், பால் குறையும், "பத்தவில்லை" என்று இன்னொரு பாட்டில் சேரும். ஒரு வேளை என்று தொடங்கியது மூன்று வாரத்தில் நான்கு வேளையாகிவிடும். ஒரு வேளைதான் என்று முதலிலேயே எல்லை போட்டு, மற்ற எல்லா வேளையும் மார்பிலேயே கொடுத்தால் இது நடக்காது. இன்னொன்று: பால்பவுடர் குடித்தால் குழந்தை விடியும்வரை தூங்கும் என்று நம்பி இதற்குப் போகாதீர்கள். அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை.

உதவிக்கு வரும் ஆள்

பாட்டியோ, சம்பளத்துக்கு வருபவரோ, வந்தவர் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்க, பச்சை உடம்புக்காரி சமையலறையில் நின்றுகொண்டிருந்தால் அது உதவியில்லை. என்னென்ன வேலை என்பதை வரும் முன்பே பேசிவிடுங்கள்: துணி, சமையல், பம்ப் கழுவுவது, காலை 6 முதல் 9 வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வது. குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்கும் என்று நம்புகிற பெரியவர் என்றால், மல்லாக்கத்தான் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். இருமல், சளி இருப்பவர் சரியான பிறகு வரட்டும். கக்குவான் இருமல் தடுப்பூசியை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொண்டால் குழந்தைக்குப் பாதுகாப்பு.

எதை எப்போது

முதல் இரண்டு வாரம் முதல் ஏற்பாடுதான் என் தேர்வு, பெரும்பாலானவர்களுக்கு. பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம், சுரப்பு நிலைபெறும் காலமும் அதுவே. பிறந்த எடையைத் திரும்ப எட்டும்வரை குழந்தையை மூன்று மணி நேரத்துக்கு மேல் பால் இல்லாமல் விடக் கூடாது, தூங்கினாலும் எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். பத்திலிருந்து பதினான்கு நாளில் அந்த எடை வந்துவிடும். அதன் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து தினம் குறைந்தது ஆறு டயபர் நனைய வேண்டும். எடை ஏறுகிறது, வாய் நன்றாகப் பற்றுகிறது, காம்பில் வலியில்லை என்றால், மூன்று நான்கு வாரத்தில் ஷிஃப்ட் முறைக்கு மாறலாம். பம்ப் ஒத்துவராத அம்மாவுக்குப் பால்பவுடர். ஒரு ஏற்பாட்டை நான்கு இரவாவது நடத்திப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். முதல் இரவு எதுவுமே சரியாக வராது.

இந்த வரிசை ஒருவருக்குப் பொருந்தாது: முன்பு மனச்சோர்வோ இருமுனை மனநோயோ வந்த அம்மாவுக்கு. தூக்கமின்மையே அந்த நோயைத் திரும்பக் கிளப்பும். அவருக்கு முதல் நாளிலிருந்தே ஐந்து மணி நேரத் தூக்கம் முதலில், பால் எப்படி என்பது பிறகு. பிரசவத்துக்கு முன்பே மருத்துவரோடு பேசி இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கும், குழந்தை தூங்கும்போதுகூட அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை, இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் பதற்றமும் குறையவில்லை என்றால் களைப்பு என்று ஒதுக்காதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் வந்த எடின்பரோ கேள்வித்தாளில் பத்தே கேள்விகள், நிரப்ப ஐந்து நிமிடம். மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைக் கேட்கும் பத்தாவது கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இல்லாத குரல் கேட்கிறது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறார் என்றால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

இரவில் விழித்திருப்பவர் யாராக இருந்தாலும் கீழுள்ளவை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இவற்றில் எதற்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அம்மாவுக்கு: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனையும் இரத்தப்போக்கு, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கண் மங்கலோடு விடாத தலைவலி. கர்ப்பத்தில் இரத்த அழுத்தமே இல்லாதவருக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம்வரை அது ஏறலாம். குழந்தைக்கு: 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், சுற்றி வைத்தும் சூடேறாமல் சில்லிட்ட உடம்பு, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத மயக்கத் தூக்கம், உள்ளங்கை உள்ளங்கால்வரை இறங்கிய மஞ்சள், வலிப்பு, அழாமல் படுத்திருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் எண்ணியதில் அறுபதைத் தாண்டும் மூச்சு.